அக்காவின் காது

ராசா கட்டிய கோட்டைக்கு வெளியே வயலெல்லாம் வாத்து மேய்ந்த காலம். வாத்துக்காரர் வீட்டில் பூவாயி என்று ஒன்பது வயதுப் பெண் இருந்தாள். ஒரே பிள்ளை, வைத்ததுதான் சட்டம். அவளுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

ஆற்று வெள்ளத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தது ஒரு மூன்று வயதுக் குழந்தை. பெயர் அல்லி. பூவாயியின் அம்மாவும் அப்பாவும் தத்தெடுக்கும் வழக்கப்படி அதற்கு மஞ்சள் நீர் புகட்டி மகளாக்கிக்கொண்டார்கள். "இனிமே நீ அக்கா" என்றாள் அம்மா. பூவாயியிடம் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

அன்றோடு நிம்மதி போச்சு. பூவாயி எடுத்த வாத்துக் கோல்தான் அல்லிக்கும் வேண்டும். முட்டை அவித்தால் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை அக்கா தட்டில் தள்ளுவாள். படுத்தால் அக்காவின் காதைப் பிடிக்காமல் கண் மூடமாட்டாள். காது கன்றிச் சிவந்துபோச்சு. "இவளை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்க" என்று பூவாயி மூன்று வேளையும் மருந்து மாதிரி தவறாமல் சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. கோட்டைத் தெரு வடிவாம்பாள் ராசாவிடம் வழக்கு வைத்தாள். "அல்லி என் தங்கச்சி பெத்தது. வெள்ளம் வர்ற வரைக்கும் என் மடியிலதான் வளர்ந்தது" என்றாள். எல்லாம் புளுகு. அவளுக்கு வீட்டு வேலைக்கு வளர்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டும். அதைச் சொன்னால் யார் கொடுப்பார்கள்?

சபைக்கு அம்மா அல்லியைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே போனாள். விட்டது தொல்லை என்று பூவாயி போனாள்.

"வளர்த்தேன் என்கிறாயே, பிள்ளை எப்படி?" என்று ராசா கேட்டார்.

"தங்கம், சாமி. கொடுத்ததைத் தின்னும். படுக்கப்போட்டாத் தூங்கும். சொன்ன சொல் தட்டாது."

பூவாயிக்குப் பொறுக்கவில்லை. "யாரைச் சொல்றாங்க இவங்க? கொடுத்ததைத் தின்னுமா? மஞ்சக்கருவைத் தொடமாட்டா. படுத்தாத் தூங்குமா? என் காதைப் பாருங்க சாமி. சொன்னாக் கேக்குமா? தண்ணியில இறங்காதேன்னா வாத்துக்கு முன்னாடி இறங்குவா. இடி இடிச்சா, வெள்ளம் வருதுன்னு மூச்சு முட்ட அழுவா. முதுகைத் தட்டிக்கிட்டே எங்க வாத்துங்க பேரை ஒவ்வொண்ணாச் சொன்னாத்தான் அடங்குவா. இவங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியுமா?"

"இத்தனை தொல்லையா? அப்போ இவளோடு அனுப்பிவிடட்டுமா?" என்றார் ராசா.

வருஷம் முழுக்கப் பூவாயி கேட்டது இதைத்தான். ஆனால் இப்போது கை தானாகக் கன்றிய காதுக்குப் போச்சு.

"அதெப்படி சாமி? ராத்திரி யார் காதைப் பிடிச்சுக்குவா?"

அல்லிக்கு வழக்கெல்லாம் சலித்துப்போச்சு. வடிவாம்பாள் நீட்டிய கையைத் தாண்டி வந்தாள், அக்கா மடியில் ஏறினாள், காதைப் பிடித்துக்கொண்டு சபையிலேயே தூங்கிவிட்டாள். அதற்கு மேல் ராசாவுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. வடிவாம்பாள் வந்த வழியே போனாள்.

"பிள்ளையா இது, பாறாங்கல்லு" என்று பூவாயி, தூங்கும் அல்லியைச் சுமந்துகொண்டு வழியெல்லாம் புலம்பினாள். அம்மா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது மட்டும் கொடுக்கவில்லை.

குறையெல்லாம் தெரிந்து, புலம்பித் தீர்த்து, அப்படியும் கீழே இறக்கிவிடாதவரே உடன்பிறப்பு.