முக்கால் டம்ளர் காபி

பிள்ளைகள் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தை, யாரையும் கேட்காமல் பங்குச் சந்தையில் போட்டுவிட்டார் பள்ளித் தாளாளர் ஆவுடையப்பன். திரும்பி வந்த பணம் பஸ் வாடகைக்கே போதவில்லை. அவரோ, பிள்ளைகளும் வந்திருந்த பெற்றோர் கூட்டத்தில் மீசையை நீவிக்கொண்டார்.

“பங்கு விலை ஐம்பது சதவீதம் இறங்குச்சு. அப்புறம் அதே ஐம்பது சதவீதம் ஏறிடுச்சு. இதுல நட்டம் எங்கே வந்தது? இருந்தா உங்க பிள்ளைகளே காட்டட்டும், பார்ப்போம்!”

எட்டாம் வகுப்பு இசக்கியம்மாள் எழுந்தாள். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண். பேசாமல் மேடையேறி, அவருக்கு வைத்திருந்த நிறைந்த காபி டம்ளரை எடுத்தாள். பாதியை டவராவில் ஊற்றினாள். டம்ளரில் மிஞ்சியதில் பாதியளவை மட்டும் டவராவிலிருந்து திரும்ப ஊற்றி நீட்டினாள்.

“ஏய், காபி குறையுதே!”

“ஐம்பது சதவீதம் இறங்குச்சு, ஐம்பது சதவீதம் ஏறிடுச்சுங்க ஐயா. எப்படிக் குறையும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“இறங்கினது முழுசுல பாதி, ஏறினது மிச்சத்துல பாதி. நூறு ரூபா ஐம்பதாகி, எழுபத்தஞ்சாத்தான் திரும்பியிருக்கு.”

தாளாளர் விடவில்லை. “பெரிய கெட்டிக்காரிதான்! மீதிக் கால் டம்ளரை யாரு ஊத்துறதாம்?”

“கேக்காம எடுத்தவங்கதான்,” என்ற இசக்கி, டவராவில் இருந்ததை டம்ளரில் ஊற்றி நிறைத்தாள். “நான் கேக்காம எடுத்தேன், ஊத்திட்டேன். இனி நீங்க ஊத்துங்க, ஐயா.”

எட்டாம் வகுப்பு மொத்தமும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. ஆவுடையப்பனின் கை மீசையை விட்டுச் சட்டைப்பைக்குப் போனது.