எல்லைத்துணி

"நாழி செய்கிறவனே நெல்லும் விற்றால்…" என்று எங்கள் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தலில் பேசும்போது ஒரு வசனம் சொன்னார். பின்பாதி நினைவில் நிற்கவில்லை. வாங்குகிறவன் வயிறு என்னவோ ஆகும் என்று முடியும். என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் செங்கழனி நாட்டுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே மணியாறு ஓடியது. கரை நெடுக சாயப்பட்டறைகள். அவற்றுக்குக் கீழே பெரிய கண்மாய். ஆற்றில் எவ்வளவு சாயக்கழிவு கலக்கலாம் என்பதற்குப் பழைய மன்னர் ஓர் அளவு வைத்துவிட்டுப் போயிருந்தார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு துணி தொங்கும். எல்லைத்துணி என்று பெயர். கண்மாய் நீரில் ஒரு வெள்ளைத் துண்டை ஊறப்போட்டு, எடுத்து வந்து அதன் பக்கத்தில் பிடிப்பார்கள். துண்டு அதைவிட வெளிறியிருந்தால் ஆறு சுத்தம். முதன்முதலில் தொங்கவிட்டபோது எல்லைத்துணியும் ஏறக்குறைய வெள்ளைதான். உற்றுப் பார்த்தால் ஒரு மங்கல்.

துணி என்றால் நாளாக வெளுக்கும். ஆகவே ஆடிக்கு ஆடி அதற்குச் சாயம் ஏற்றவேண்டும். சாயம் ஏற்றத் தெரிந்தவர்கள் யார்? பட்டறைக்காரர்கள். இதில் தப்பாக எதுவும் நாட்டில் ஒருவருக்கும் படவில்லை. பட்டறைக்காரர்களும் பொறுப்பானவர்கள். மங்கிவிடக்கூடாதே என்ற அக்கறையில் ஒவ்வோர் ஆடிக்கும் ஒரு முக்கு கூடவே முக்கினார்கள். இப்போது எல்லைத்துணி அத்திப்பழம் மாதிரி சிவந்திருந்தது. ஆறு மட்டும் ஒருநாளும் எல்லையைத் தாண்டியதில்லை.

ஒருநாள் கண்மாய்க்கரையிலிருந்து சடைச்சி என்ற மீன்காரி ஒரு கூடையோடு சபை வாசலுக்கு வந்தாள். கூடை நிறைய செத்த மீன்.

"மகாராசா, கண்மாய் பூரா மல்லாந்து கெடக்கு. தண்ணியக் குடிச்ச பிள்ளைகளுக்கு வயித்தால போகுது."

மன்னர் மாறவேள் அமைச்சர் திருமலைக்கொழுந்தைப் பார்த்தார். பட்டறைக்காரர்களின் தலைவர் அமைச்சருக்கு மச்சினன். அமைச்சர் நிதானமாக ஒரு துண்டைக் கண்மாயில் ஊறப்போட்டு எடுத்துவரச் செய்து எல்லைத்துணியோடு வைத்துக் காட்டினார்.

"எல்லைக்குள்தான் இருக்கிறது, அரசே."

"அப்ப மீனு?" என்றாள் சடைச்சி.

"மீனும் எல்லைக்குள்தான் செத்திருக்கிறது," என்றார் அமைச்சர். " ஆற்றின் மேல் அவதூறு சொன்ன இவர்களுக்கு இனிக் கண்மாய் எதற்கு? நூல் ஊறப்போட பட்டறைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம்."

சடைச்சி கூடையைக் கீழே வைத்தாள். "கண்மாயும் போச்சுன்னா நாங்க எங்க சாமி போறது?"

மன்னருக்கும் சங்கடம். சபையின் கோடியில் உட்கார்ந்திருந்த குழைக்காதரைக் கூப்பிட்டார். வாய்ச்சாமர்த்தியத்துக்கே மானியம் வாங்குகிறவர் அவர்.

"குழைக்காதரே, ஆறு கெட்டதென்றால் நாளைக்குள் எனக்கு நிரூபியும். ஆனால் எல்லைத்துணியைக் குறை சொல்லக்கூடாது. அது என் அப்பா தொங்கவிட்டது. நிரூபிக்காவிட்டால் கண்மாய் பட்டறைக்குப் போகும்."

"குறையா? அதைப்போல எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிற துணியை நான் பார்த்ததில்லை, அரசே. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம் சபை உடுப்புகளை எப்போதும் பட்டறைகளுக்கு மேலே உள்ள துறையில் துவைக்கிறார்கள். இன்று மட்டும் கண்மாயில் துவைக்கட்டும். அதையே நாளைக்கு எல்லோரும் உடுத்தி வருவோம். சுத்தமான தண்ணீர்தானே, அமைச்சரே?"

"தாராளமாக," என்றார் அமைச்சர். வேறு என்ன சொல்வார்?

செங்கழனிச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளை உடுத்தியவர்தான் உள்ளே போகலாம். வண்ணம் உடுத்தியவர் எவரானாலும் வாசலோடு நிற்கவேண்டும்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் அமைச்சர். தோள் முதல் கால் வரை சிவப்பு. வாயில்காவலன் கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"சாமி, வண்ணம் உடுத்தியிருக்கீக."

"வண்ணமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்."

"நல்லாத் துடைச்சிட்டேன் சாமி. இன்னும் செவப்பாத்தான் இருக்கு."

பின்னாலேயே படைத்தலைவர் வந்தார், புரோகிதர் வந்தார். எல்லோரும் ஒரே மரத்தில் பழுத்த பழங்கள். குழைக்காதரும் சிவந்த வேட்டியோடு, வாசலில் காத்திருந்த சடைச்சி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கடைசியில் மன்னர் வந்தார். காவலன் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். ஆனாலும் கம்பை எடுக்கவில்லை.

"சட்டம் உங்க பாட்டனார் போட்டது, மகாராசா."

தம் சொந்தச் சபைக்கு வெளியே மன்னர் நின்றார்.

குழைக்காதர் வணங்கினார். "அரசே, எல்லைத்துணி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாம் உடுத்தியிருப்பது வெள்ளையா, வண்ணமா? அதை அமைச்சரே சொல்லட்டும். வண்ணமென்றால் கண்மாய் கெட்டது. வெள்ளையென்றால் உள்ளே போகலாம்."

"வெள்ளைதான்," என்றார் அமைச்சர். "எல்லைக்குள் இருப்பதெல்லாம் வெள்ளை."

"நல்லது. அப்படியானால் கோட்டை மேல் பறக்கும் நம் போர்க்கொடியை இறக்கச் சொல்லுங்கள்."

இறக்கினார்கள். வெயிலில் காய்ந்த சிவப்புக் கொடி. குழைக்காதர் அதை அமைச்சரின் மேலாடைமேல் விரித்தார். கொடிதான் வெளிறியிருந்தது.

"போன தை மாதம் இந்தக் கொடியோடுதான் நம் படை வடக்கே போனது. அமைச்சர் கணக்கில் இது வெள்ளையிலும் வெள்ளை. எனக்கு ஒரு சந்தேகம், அரசே. நாம் சண்டைக்குப் போனோமா, சரணடையப் போனோமா?"

படைத்தலைவரின் கை வாள்பிடிக்குப் போனது.

"கொடி சிவப்புதான்," என்றார் அமைச்சர் அவசரமாக.

"அதைவிடச் சிவந்த உங்கள் மேலாடை?"

அமைச்சர் மேலாடையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். படைத்தலைவரையும் பார்த்தார். பிறகு கம்பிலிருந்து ஓரடி பின்வாங்கி வாசலோடு நின்றார்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாமும் சிரிக்கலாமா என்று அமைச்சர் யோசித்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

எல்லைத்துணியைத் தம் தந்தை தொங்கவிட்ட நிறத்துக்கே வெளுத்துச் சடைச்சியின் ஆட்களிடம் ஒப்படைப்பது என்றும், கண்மாயில் ஊறப்போட்ட துண்டு அதைவிடச் சிவந்தால், மறுபடி வெளிறிய துண்டு வரும்வரை பட்டறைகளை மூடிவைப்பது என்றும், மன்னர் வாசலில் நின்றபடியே முடிவு செய்தார்.