உண்ணிக்கொக்குக்குக் கிடைத்த விலக்கு

மழை ஓயாத ஒரு காட்டில், நரி ஒன்று எலிகளைக் கொண்டு தன் வளையைத் தோண்டியது. வளை முடிந்ததும், "நீங்கள் என் ஆட்கள் இல்லையே!" என்று கொட்டும் மழையில் அவற்றை வெளியே துரத்தியது.

இதை அறிந்த யானை அரசர் ஒரு சட்டம் போட்டார்.

"வேலை வாங்குகிறவரே வேலையாளுக்கு உணவும் ஒதுங்க இடமும் தரவேண்டும். யாருடைய ஆள் என்ற குழப்பம் வராதபடி, வேலையாள் ஒருவரிடம் மட்டுமே இருக்கவேண்டும்."

எலிகள் நரியின் வளையிலேயே நனையாமல் உறங்கின. அரசரை வாயார வாழ்த்தின.

உண்ணிக்கொக்குதான் தவித்தது. விலங்குகளின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கொத்தி எடுப்பது அதன் தொழில். சட்டப்படி அது எருமை ஒன்றிடமே இருக்கவேண்டியதாயிற்று.

ஆற்றின் மறுகரையில் ஒரு மான்குட்டியின் காது உண்ணிகளால் வீங்கிவிட்டது. தாய்மான் கரையில் நின்று கூப்பிட்டது.

"கொக்கம்மா, ஒரு தரம் வந்துவிட்டுப் போயேன்! பிள்ளை பால்கூடக் குடிக்கவில்லை."

கொக்கு எருமையையும் அழைத்துக்கொண்டு அரசரிடம் போனது. "பல இடம் போய்ப் பிழைப்பவள் நான். எனக்கு விலக்கு வேண்டும், அரசே."

நரியும் ஓடி வந்தது. "என் எலிகளும் அப்படித்தான், அரசே! சுதந்திரப் பிறவிகள். அவற்றுக்கும் விலக்குக் கொடுங்கள்."

பின்னாலேயே வந்த எலிகள் அரசரின் காலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டன.

அரசர் எருமையைக் கேட்டார். "நாளைக்குக் கொக்கு வராவிட்டால் என்ன செய்வாய்?"

"என்ன செய்ய? சேற்றில் புரண்டுகொண்டு காத்திருப்பேன். இந்தக் கொக்கு மகாராணியை யார் கேட்பது?"

"நீ வாலால் அடிக்காமல் இருந்தால் சீக்கிரம் வருவேன், அண்ணா" என்றது கொக்கு.

அரசர் நரியிடம் திரும்பினார். "எலிகள் வராவிட்டால்?"

"வராமல் இருந்துவிடுமா? காதைப் பிடித்து இழுத்து வரமாட்டேனா!"

சொல்லி முடித்த பிறகுதான் நரி வாயைப் பொத்திக்கொண்டது.

"தன் விருப்பப்படி வந்துபோகும் கொக்குக்கு விலக்கு உண்டு. காதைப் பிடித்து இழுக்கப்படும் எலிகளுக்குச் சட்டம் அப்படியே இருக்கும்" என்றார் அரசர்.

கொக்கு அங்கிருந்தே மறுகரைக்குப் பறந்தது. உண்ணிகளைப் பக்குவமாக எடுத்துப் போட்டது. குட்டி காதை உதறிவிட்டுத் தாயின் மடியை முட்டியது.

"அரசரும் நன்றாக இருக்கட்டும், நீயும் நன்றாக இரு" என்று சொல்லி, தாய்மான் கொக்கின் சிறகைத் தடவி நக்கியது.

நீதி: நல்ல சட்டத்திலும் தேவைப்படுகிறவருக்கு விலக்குத் தரவேண்டும், அந்த விலக்கின் பின்னே வஞ்சகர் ஒளிந்துகொள்ள விடக்கூடாது.