திரைக்கு முன்னால் ஒரு வெள்ள ஒத்திகை

வெகு காலத்துக்கு முன்பு, ஆற்றங்கரையில் இருந்த நெடுங்கரை நாட்டை அதிரதன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கெட்ட செய்தி சொன்னவன் முகத்தில் மறுபடி விழிக்கமாட்டார். அதனால் அவரிடம் பேசுபவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மிஞ்சியவர்களும் இனிப்பாகவே பேசினார்கள்.

ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அங்கே வெள்ள ஒத்திகை நடக்கும். எந்த வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறதோ அந்த வீடு மூழ்கிவிட்டதாகப் பொருள். உள்ளே இருப்பவரை வீரர்கள் மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட அரசர் அழிவைப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். எனவே சபையில் ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து செய்தியை மட்டும் கேட்பார். குறை தோன்றினால் மணி அடிப்பார். மணி அடிக்காவிட்டால் அவருக்குத் திருப்தி.

தளபதி வீரகம்பனுக்கு அமைச்சர் மருதவாணரைக் கண்டால் ஆகாது. அந்த வருடம் சபையிலேயே வாயைத் திறந்துவிட்டான். அமைச்சரின் நாக்கு அபசகுன நாக்கு, அது இல்லாமலே என் வீரர்கள் ஊரைக் காப்பார்கள் என்றான். அரசருக்கும் அப்போது அமைச்சர்மேல் சலிப்பு. அழைக்காமல் தன் முன் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்; பேசியே பல மாதம் ஆகியிருந்தது.

"பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மேடு சேர்ந்துவிட்டால், மருதவாணரே, நீர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்" என்றார்.

அமைச்சர் தலை வணங்கினார். பிறகு தனியே பேச அனுமதி வாங்கி ஒன்று கேட்டார். கடைசித் தெரு நெற்கூடத்தில் ஓர் ஆளை வைக்க வேண்டும். யாரை வைத்தாலும் அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டதாகத் தளபதி சொல்வான். அரசரே போய் உட்கார்ந்தால் என்ன? அரசருக்கு விசித்திரங்கள் பிடிக்கும். உடனே ஒப்புக்கொண்டார்.

விடிந்ததும் பழைய வேட்டியும் முண்டாசுமாக நெற்கூடத்தில் போய் உட்கார்ந்தார். வாசலில் சிவப்புத் துணி ஆடியது. தெருவில் ஓடும் காலடிகள் கேட்டன, பிறகு அடங்கின. உச்சிவேளை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. தவிட்டு நெடியில் தும்மிக்கொண்டு, தன் தும்மலுக்கு "நூறாயுசு" சொல்லக்கூட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு காவலன் தலையை நீட்டினான்.

"இன்னும் இங்கேயா இருக்கீங்க பெரியவரே? உங்களைக் காலையிலேயே காப்பாத்தியாச்சே."

"என்னையா?"

"ஒரு ஆள் மிச்சம்னு நான் சொன்னேன். எங்க தலைவர் மேல சொல்றப்போ, 'வந்துட்டிருக்கார்'னு சொன்னார். அவருக்கு மேல இருக்கறவர், 'வந்துட்டார்'னு சொன்னார். தளபதி திரைக்கு முன்னால போய், எல்லாரும் பத்திரம்னு சொல்லிட்டார். மணியே அடிக்கல. அரசருக்குப் பரம திருப்தி."

"பரம திருப்தியா" என்றார் அரசர். "சரி, இப்போதாவது என்னைக் கூட்டிப்போ."

"அய்யோ, நீங்க வெளியே வந்தா இத்தனை பேர் சொன்னதும் பொய்யாயிடுமே. பொழுது சாயற வரைக்கும் சத்தம் போடாம இருங்க. மோர் கொண்டாந்து தரேன்."

சொன்னபடி மோர் கொண்டுவந்தான். அதோடு போய்விட்டான்.

பொழுது சாய்ந்தபோது அரசர் தானாகவே எழுந்து நடந்தார். அரண்மனை வாசலைத் தாண்டினார், முற்றத்தைத் தாண்டினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சபையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியில் நின்றார்.

வீரகம்பன் திரையை வணங்கி, ஓர் உயிர்கூட மிச்சமில்லை என்று முடித்தான். காத்திருந்தான். மணி அடிக்கவில்லை.

"மன்னர் ஏற்றுக்கொண்டார். மருதவாணரே, மூட்டையைக் கட்டலாம்."

"கட்டிவிட்டுத்தான் வந்தேன்" என்றார் அமைச்சர். "யார் ஏற்றுக்கொண்டது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்."

திரையை விலக்கினார். ஆசனத்தில் திண்டு மட்டும் இருந்தது.

"நான் இங்கே இருக்கிறேன்" என்று கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கணக்குப்படி மேட்டில் இருக்கிறேனாம்."

சபை சட்டென்று விலகி வழிவிட்டது. முண்டாசில் தவிடு ஒட்டிய அரசரைப் பார்த்ததும் வீரகம்பன் காலில் விழுந்தான். அடுத்த ஒத்திகையில் அதே நெற்கூடத்தில் அவன் உட்கார வேண்டும், யாராவது நிஜமாகவே வந்து அழைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அரசர் தீர்ப்புச் சொன்னார். தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் விரலில் போட்டார். கண்ணால் கண்டவன் கண்டதை நேரே தன்னிடம் வந்து சொல்லலாம் என்று உத்தரவிட்டார்.

சபை கலைந்தது. இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நான் அங்கே இருப்பது உமக்குத் தெரியுமே. நீராவது வந்திருக்கலாம்."

"அழைக்காமல் வரக்கூடாது என்று தாங்கள்தான் சொல்லியிருந்தீர்கள்."

அரசர் வெறும் ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருந்தபோதும் வீரகம்பன் இதே மாதிரிதான் பேசினான். இல்லாதபோதும் இதே மாதிரிதான் பேசினான்." பிறகு, "இனி எனக்கு நல்லது கெட்டது எல்லாம் தெரிய வேண்டும். முதல் செய்தியை நீரே சொல்லும்" என்றார்.

மருதவாணர் சொன்னார்.

"இன்று முழுவதும் அரண்மனையில் தங்களை யாரும் தேடவில்லை, மன்னா."

அரசர் ஆசனத்தில் ஏறவில்லை. படியிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் இடம்விட்டு, "கொஞ்ச நேரம் உட்காரும்" என்றார்.