கை எட்டாத இடம்

பினாங்கில் ஒரு சீன மருந்துக்கடை. அங்கே வேர் இடிப்பதும் தரை கூட்டுவதும் தனபாக்கியத்தின் வேலை. ஒருநாள் டத்தோ பட்டம் வாங்கிய குணரத்தினம் வந்து, கடையே அதிர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுல மூணு மருமகளும் என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறாங்க. அவங்க தொல்லை தாங்காமத்தான் வந்தேன். நோவு என்னன்னு நான் சொல்ல மாட்டேன். என் நாடியையும் தொடக்கூடாது. நீரே கண்டுபிடிச்சுச் சொல்லும் வைத்தியரே! முடியலேன்னா, இது ஏமாத்துக் கடைன்னு ஊரெல்லாம் சொல்லி இழுத்து மூட வைப்பேன்."

நாடி பார்த்தே பிழைத்த கிழ வைத்தியருக்கு முகம் வெளுத்துவிட்டது. கடை போனால் தனபாக்கியத்துக்குக் கஞ்சியும் போகும். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு முன்னே வந்தாள்.

"நோவு நடு முதுகுல, டத்தோ."

"யார் சொன்னது உனக்கு?"

"நாற்காலியில சாயாமலே உட்கார்ந்திருக்கீங்க. ஆனா மருந்துப் பிளாஸ்திரி தோள்மேல இருக்கு, சட்டைக்குள்ள தெரியுது. கை எட்டின இடத்துல நீங்களே ஒட்டியிருக்கீங்க."

காத்திருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். டத்தோ தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நீ எப்படிம்மா ஒட்டிக்குவே?"

"பிளாஸ்திரியை மருந்துப் பக்கம் தெரியற மாதிரி கதவுல வச்சுட்டு, முதுகைக் கொண்டுபோய் அழுத்திக்குவேன். உங்க வீட்டுலயும் கதவு இருக்குமே, டத்தோ."