குன்றியின் வயிற்றில் யாரும் இல்லை

ஆவாரை என்ற பெண் யானைக்குச் சுத்தம்தான் உயிர். புல்லைப் பிடுங்கினால் அப்படியே வாயில் போட மாட்டாள். முன்னங்காலில் தட்டி, மண் உதிர்த்து, ஓடையில் ஒருமுறை அலசி, அப்புறம்தான் தின்பாள். ஒரு நாளைக்கு மூன்று குளியல்!

"புல்லுக்கும் தலைக்கு ஊற்றி விடுகிறாள் பாருங்கள்!" என்று வாகை கேலி செய்வாள். அந்த மூங்கில் காட்டு யானைக் கூட்டத்தை நடத்திச் செல்பவள் வாகைதான். ஆவாரைக்கு அவள் உடன்பிறந்தவள் இல்லை. ஆனாலும் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ஆவாரைக்கு ஒரு பெண் குட்டி இருந்தது. பெயர் குன்றி. மூன்று மாதம் பாலிலேயே வளர்ந்தது. நான்காம் மாதம் ஒரு காலையில், அம்மா போட்ட சூடான சாணத்தில் ஒரு கவளம் எடுத்து வாய்க்குக் கொண்டு போனது.

"சீ! போடு கீழே! போடுடி!" ஆவாரை பாய்ந்து வந்து தட்டிவிட்டாள்.

"அதை ஏன் தடுக்கிறாய்?" என்றாள் வாகை. "யானைக் குட்டி எல்லாமே தாயின் சாணத்தைத் தின்ற பிறகுதான் புல் தின்னும். வழிவழியாக அப்படித்தான். நீயும் தின்றவள்தான்!"

"நானா? உளறாதே அக்கா!"

"உன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இல்லாவிட்டால் சாட்சிக்குக் கூப்பிடுவேன். இரண்டு வாய் கேட்டுத் தின்றாய், தெரியுமா?"

மற்ற யானைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆவாரைக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"உங்கள் அழுக்கு உங்களோடு இருக்கட்டும்! என் பிள்ளையை நான் சுத்தமாக வளர்த்துக்கொள்கிறேன்!"

குன்றியைத் தள்ளிக்கொண்டு அவள் மலையின் மறுபக்கம் போய்விட்டாள்.

அங்கே நல்ல புல் இருந்தது. தெளிந்த நீர் இருந்தது. பேச்சுத் துணைக்குத்தான் யாரும் இல்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. இலை அசையவில்லை. பறவைகள் வாயடைத்துவிட்டன. அப்போது அருகிலே ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. ஆவாரை இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. மூச்சை அடக்கிக் கேட்டாள்.

சத்தம் அவள் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஒரு குரல் இல்லை. பல்லாயிரம் குரல். கோயில் கூட்டம் தூரத்தில் பேசுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த குரல்கள்.

"யார்? யார் அது?"

முணுமுணுப்பு நின்றது. பிறகு எல்லாக் குரல்களும் ஒன்றாகச் சேர்ந்து பேசின.

"நாங்கள்தான். குட்டியின் வயிறு காலியாகக் கிடக்கிறது. எங்களை அதற்குள் விடு."

ஆவாரை பதறி, தூங்கிக்கொண்டிருந்த குன்றியைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள்.

"விடு. எங்களை உள்ளே விடு" என்றன குரல்கள்.

"ஐயோ பாவமே!" என்று புதருக்குப் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஒரு கழுதைப்புலி வெளியே வந்தது. முன்பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு. எந்நேரமும் சிரிப்பதுபோல் ஒரு பக்கமாக இழுத்த வாய். அதனால் காட்டில் அவனுக்குக் கோணவாயன் என்று பெயர். செத்ததைத் தின்பது அவன் பிழைப்பு.

"தாயே, எனக்கும் கேட்டது" என்றான் மெதுவாக. "வயிற்றுப் பேய்! பெற்றவளின் சாணத்தில் ஏறித்தான் பிள்ளைக்குள் புகும். நீங்கள் தடுத்தீர்கள் பாருங்கள், அதுதான் புத்தி!"

ஆவாரைக்கு அந்தப் பாராட்டு இனித்தது. கூட்டத்தில் ஒருவரும் அவளை மெச்சியதே இல்லை.

"இதை விரட்ட வழி உண்டா அண்ணா?"

"அண்ணா என்று கூப்பிட்டுவிட்டீர்கள். சொல்லாமல் இருப்பேனா?"

பாறைச் சரிவில் தனியாக நின்ற ஒரு மரத்துக்கு அவளை அழைத்துப் போனான். அந்த மரத்தில் ஒரு எறும்புகூட ஏறவில்லை. அடியில் எத்தனையோ ஆண்டுச் சருகு குவிந்திருந்தது. ஒன்றுகூட மக்கவில்லை. சருகின்மேல் ஒரு மைனா விறைத்துக் கிடந்தது. என்றோ செத்திருக்க வேண்டும். ஆனால் இறகு கலையாமல், அழுகாமல், கண்ணைத் திறந்தபடி அப்படியே கிடந்தது.

"பார்த்தீர்களா, எவ்வளவு சுத்தம்!" என்றான் கோணவாயன். "இந்தப் பட்டையை ஏழு நாள் தின்னுங்கள்."

ஆவாரை பட்டையை உரித்துத் தின்றாள். நாக்கே சுருண்டுவிடும்போல் கசந்தது.

இரண்டாம் நாள் குரல்கள் அலறின. நான்காம் நாள் நூறு குரல் அளவுக்குக் குறைந்தன. ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் எண்ணிவிடலாம்போல் ஒரு சில குரல்களே மிஞ்சின.

"ஏன் எங்களைக் கொல்கிறாய்?" என்று கேட்டன. "உன்னால் மூங்கிலைச் செரிக்க முடியாது. நீ மெல்லுகிறாய். நாங்கள் செரிக்கிறோம். உன் அம்மா தன் சாணத்தில் வைத்து எங்களை உனக்குக் கொடுத்தாள். அவளுக்கு அவள் அம்மா கொடுத்தாள். யானை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததே எங்களால்தான்."

"பேய் இப்படித்தான் நைச்சியமாகப் பேசும்!" என்று ஆவாரை ஒரு துண்டு கூடுதலாகவே தின்றாள்.

ஏழாம் நாள் ஒரே ஒரு குரல் கேட்டது. "உன் அம்மா வீட்டுக் கடைசி ஆள் நான்" என்றது. அப்புறம் அதுவும் இல்லை.

அமைதி! ஆவாரை நிம்மதியாக மூங்கில் குருத்தை ஒடித்துத் தின்றாள். வயிறு நிறைந்தது. பசி அடங்கவில்லை. இன்னும் தின்றாள். வயிறு கல்லாகக் கனத்தது. உடம்போ நாளுக்கு நாள் வற்றியது. தின்ற மூங்கில் தின்றபடியே, நார்நாராக வெளியே விழுந்தது.

மடியில் பால் சுண்டியது.

பசி தாங்காமல் குன்றி புல்லைக் கடித்தது. அது தின்ற புல்லும் உள்ளே போய் அப்படியே கிடந்தது. வயிறு உப்பியது. கால்கள் குச்சியாயின. "அம்மா, வயிறு நிறைய இருக்கிறது. ஆனால் பசிக்கிறதே!" என்று அழுதது.

கோணவாயன் தினமும் வந்தான். வந்து ஒரு மரத்தடியில் உட்காருவான். மறுநாள் அதைவிட ஒரு மரம் கிட்டே உட்காருவான்.

"பேய் போய்விட்டது. இன்னும் ஏன் இங்கேயே இருக்கிறாய்?" என்று ஆவாரை கேட்டாள்.

"எனக்கு அவசரம் இல்லை தாயே" என்றான் அவன். கண் குன்றியின் வயிற்றின்மேல் இருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது.

அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் மண்டியிட்டுக் குன்றியின் வயிற்றில் காதை வைத்தாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டால் ஒரு சத்தமாவது வரும். இங்கே அதுவும் இல்லை. பேய் என்று பயந்தாளே, அந்தக் குரல் ஒன்றே ஒன்று கேட்காதா என்று அவள் ஏங்கினாள்.

"குன்றி, எழுந்திரு கண்ணே! அம்மா சாணம் இதோ, தின்னு!"

குட்டி ஒரு வாய் தின்றது. துப்பியது. "இது வெறும் நார் அம்மா."

உண்மைதான். கொடுக்க அவளிடம் யாருமே மிஞ்சவில்லை.

ஆவாரை குட்டியை முட்டிமுட்டி எழுப்பினாள். வந்த வழியே நடந்தாள். பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது. குன்றி மூன்று முறை விழுந்தது. ஒவ்வொரு முறை விழுந்தபோதும் சருகுச் சத்தம் மட்டும் நிற்காமல் கிட்டே வந்தது. கிட்ட வரவர ஆவாரை திரும்பி நின்று பிளிறினாள்.

"பொறுமையாக நடங்கள் தாயே" என்றது புதர். "வழி நீளம்."

வெயில் சாயும் நேரம் மூங்கில் காடு வந்தது. வாகை முன்னால் நின்றாள்.

"யாரது? எலும்பும் தோலுமாக! அட, நம் குளியல்காரி! ஓடைத் தண்ணீர் தீர்ந்துவிட்டதா?"

மற்ற யானைகள் சிரிக்கத் தொடங்கின. குன்றி முட்டி மடிந்து விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா" என்றாள் ஆவாரை. "உன் சாணம் கொஞ்சம் வேண்டும்."

வாகை குட்டியின் வயிற்றைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஆவாரையின் வாயை முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

"கசப்பு மரமா? அடிப் பாவி, உள்ளே இருந்தவர்களை எல்லாம் கொன்றுவிட்டாயா?"

"பேய் என்று சொன்னான் அக்கா. நானும் நம்பிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். இவளைக் காப்பாற்று!"

வாகை சற்று முன் போட்ட சாணத்தைத் தும்பிக்கையால் உருட்டி வந்தாள். ஆவி பறந்தது. பிசைந்து குட்டியின் வாயில் வைத்தாள். குன்றி கண்ணை மூடிக்கொண்டே சப்பியது. ஒரு வாய். இன்னொரு வாய்.

"இப்போது நீ" என்றாள் வாகை.

"நானா?"

"பின்னே? உன் வயிறும் சுடுகாடுதானே? உனக்குப் பால் ஊறாமல் இது எப்படிப் பிழைக்கும்?"

மூன்று வேளை குளித்தவள், புல்லை அலசித் தின்றவள், கண்ணை மூடினாள். மனசுக்குள் கடவுளை நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

அன்றிரவு முழுக்க யானைகள் குட்டியைச் சுற்றிச் சுவர்போல் நின்றன. மறுநாளும் நின்றன. சுவருக்கு அப்பால் கோணவாயன் மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தான். குட்டியின் மூச்சு எப்போது நிற்கும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் காலை குன்றி தானே எழுந்து ஒரு பிடி புல் தின்றது. மாலையில் நல்ல சாணம் போட்டது. யானைகள் அதைச் சுற்றி நின்று, பொங்கல் பானை பொங்கியதைக் கொண்டாடுவதுபோல் பிளிறின!

கோணவாயன் எழுந்து உடம்பை உதறினான்.

"போகட்டும். பிள்ளையை ரொம்பச் சுத்தமாக வளர்க்கிறவள் வேறு காட்டில் இல்லாமலா போவாள்?" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பத்தாம் நாள் உச்சிப்பொழுது. இலை அசையவில்லை. ஆவாரையின் வயிற்றில் முணுமுணுப்புத் தொடங்கியது. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை, ஆசையில்.

"வந்துவிட்டீர்களா? என் அம்மாவைத் தெரியுமா உங்களுக்கு? அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

குரல்கள் தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டன.

"எந்த அம்மா?" என்று கேட்டன. "நாங்கள் வாகையின் வீட்டார். உன் அம்மாவை எங்களுக்குத் தெரியாது."

ஏழாம் நாள் கேட்ட அந்தக் கடைசிக் குரல் ஆவாரைக்கு நினைவு வந்தது. பிறகு குன்றி இருக்கும் பக்கமாக நடந்தாள். குட்டி மும்முரமாகப் புல் தின்றுகொண்டிருந்தது. அதில் மண் ஒட்டியிருந்தது. அவள் தட்டிவிடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சிறியவர்கள் தாங்குவதால்தான் பெரிய உயிரும் நிற்கிறது; அருவருத்து அவர்களை விரட்டினால், நம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய உயிரையே நாம் விரட்டிவிடுவோம்.