கரடி ஏற்றிய விலை

மருதமரத்தடியில் சடையன் என்ற கரடி வீடியோ கேம் கடை வைத்திருந்தது. அந்தக் காட்டில் அது நல்ல வியாபாரம். குரங்குகள் விரலால் விளையாடின. பன்றிகள் மூக்கால் விளையாடின. பாம்பு எதனால் விளையாடியது என்று யாரும் கேட்கவில்லை.

கேம்களைச் செய்பவை மலைமேல் இருந்த மந்திகள். தேனடை கொடுத்தால் பெட்டி பெட்டியாக இறக்கிவிடும். விற்காததை மட்டும் திருப்பி எடுக்காது. எது விற்கும், எது தூங்கும் என்று தெரியாமல் சடையன் ஒவ்வொரு முறையும் திண்டாடியது. விற்காத பெட்டிகளில் எறும்பு குடியேறியது.

ஒருநாள் செம்பி என்ற பெண் கீரி ஒரு யோசனையோடு வந்தது.

"அண்ணே, பங்குச் சந்தை மாதிரி ஒண்ணு நடத்தலாமா? சும்மா விளையாட்டுச் சந்தை. பணத்துக்குப் பதிலா குன்றிமணி!"

"குன்றிமணியா? அதைத் தின்னக்கூட முடியாதே!"

"அதனாலதான்! வேற எதைக் கொடுத்தாலும் பன்றி அங்கேயே தின்னுடும்!"

ஏற்பாடு எளிது. ஆளுக்கு ஒரு பிடி குன்றிமணி. வரப்போகும் ஒவ்வொரு கேமுக்கும் பங்கு உண்டு. பங்கு என்றால் ஓர் ஆலிலை. எது நன்றாக விற்கும் என்று தோன்றுகிறதோ, அதன் இலையை வாங்கலாம். வாங்க ஆள் கூடினால் விலை ஏறும். ஆள் குறைந்தால் இறங்கும். சரியாகக் கணித்தவருக்கு ஆற்றங்கரைப் பாறையில் வெயில் காயும் உரிமை. அந்தப் பாறைக்காக முதலைகூட வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தது.

சந்தை பலித்தது. 'சேற்றுச் சண்டை' என்ற கேமின் இலை விலை ஏறிக்கொண்டே போனது. சடையன் அதையே நிறைய வரவழைத்தது. வந்த வேகத்தில் எல்லாம் தீர்ந்தது.

"செம்பி, உன் சந்தைக்கு ஞானக்கண் இருக்கு!" என்று சடையன் குதித்தது. கரடி குதித்தால் நன்றாக இருக்காது. ஆனாலும் குதித்தது.

அடுத்து இரண்டு கேம்கள் வரவிருந்தன. ஒன்று 'வாழைத்தார்'. ஒரு குரங்கு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். இன்னொன்று 'கரடிவீரன்'. பெட்டியின் மேல் ஒரு கரடி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அதைப் பார்த்ததும் சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தைக்குப் போய்ப் பார்த்தது. வாழைத்தார் எகிறிக்கொண்டிருந்தது. கரடிவீரன் இலையை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது.

"என்ன ரசனை கெட்ட காடு இது!" என்று சடையன் கத்தியது.

"மாதிரிக்கு வந்ததை விளையாடிப் பார்த்தாங்க, அண்ணே. நல்லா இல்லையாம்" என்றது செம்பி.

சடையனுக்கு முகம் தொங்கிவிட்டது. நேராகப் பன்றியிடம் போனது.

"உன் குன்றிமணி எல்லாத்தையும் கரடிவீரன் மேல வை. ஒரு விரல் தேன் தர்றேன்!"

"ரெண்டு விரல்னா மச்சானையும் கூட்டிட்டு வர்றேன்!" என்றது பன்றி.

மச்சான் வந்தது. மச்சானின் மச்சானும் வந்தது. குரங்குகள் கூட்டமாக வந்து, தேனை நக்கிவிட்டு, கரடிவீரன் இலைகளை அள்ளின. விலை ஏறியது. அதைப் பார்த்த முயல்கள், "உள்ளே ஏதோ விஷயம் இருக்கு!" என்று தாங்களும் வாங்கின. விலை மரத்தின் உச்சிக்கே போனது.

சாயங்காலம் சந்தைப் பக்கம் வந்த சடையன் வாயைப் பிளந்தது.

"பார்த்தியா செம்பி! காடே கரடிவீரனைக் கேட்குது!"

"காடு கேட்கலை, அண்ணே. தேன் கேட்டுச்சு. அதை ஊட்டினது நீங்க!"

"ஆரம்பத்துல லேசா ஒரு தள்ளு தள்ளினேன். இப்ப தானா ஓடுதே! முயலுக்கு நான் தேன் கொடுத்தேனா?"

"முயல் உங்க பன்றியைப் பார்த்து வாங்கிச்சு, அண்ணே!"

"உனக்குப் பொறாமை!" என்றது சடையன். மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தேனடைகளையும் மலைக்கு அனுப்பியது. கடை கொள்ளாத அளவுக்குக் கரடிவீரன் வந்து இறங்கியது.

விற்பனை நாள் வந்தது. கடை முன்னால் பெருங்கூட்டம்.

"வாழைத்தார் இருக்கா?" என்றது பன்றி.

"இல்லை. கரடிவீரன் இருக்கு! நீதானே அதுமேல அத்தனை குன்றிமணி வச்சே?"

"வச்சது தேனுக்காக! அதுக்காக அந்தக் கண்றாவியை விளையாடவும் சொல்வியா?"

கூட்டம் அப்படியே திரும்பி, எதிர்ப்பக்கம் இருந்த மரநாயின் கடைக்குப் போனது. அங்கே வாழைத்தார் மதியத்துக்குள் தீர்ந்தது.

மழை பிடித்துக்கொண்டது. தேன் இல்லாமல் சடையன் கறையான் புற்றைத் தோண்டித் தின்றது. ஒருநாள் அந்த வழியாகச் செம்பி நனைந்துகொண்டே போனது.

"செம்பி, அடுத்த கேமுக்குச் சந்தையில என்ன நிலவரம்?" என்று சடையன் தாழ்ந்த குரலில் கேட்டது.

"பார்த்துச் சொல்றேன், அண்ணே. நீங்க மட்டும் அந்தப் பக்கம் வந்துடாதீங்க!"

நமக்குப் பிடித்த பதிலை ஊர் வாயில் நாமே ஊட்டிவிட்டு, அதை ஊரின் கருத்தென்று நம்பினால், நஷ்டம் நமக்குத்தான்.